இன்டர்வியூ எடுப்பவர் வேறு கம்பெனி ஆளா?

கேள்வி: ஒரு மென்பொருள் நிறுவனத்துக்கு விண்ணப்பித்திருந்தேன். முதல் டெக்னிக்கல் ரவுண்டை வேறொரு நிறுவனம் வீடியோவில் நடத்தும், அது பதிவு செய்யப்படும் என்று மெயில் வந்திருக்கிறது. வேலை கொடுப்பவர்களுக்கு என்னோடு பேசக்கூட நேரமில்லையா? போகலாமா?
– பெயர் வேண்டாம் என்ற வாசகர்

பதில்: தாராளமாகப் போங்கள். நானும் சில காலம் இப்படி அடுத்த கம்பெனிகளுக்காக இன்டர்வியூ எடுத்தவன்தான். கேரட் என்ற நிறுவனம் 2014-லேயே இதைத் தொழிலாகத் தொடங்கிவிட்டது. உங்களை மட்டம் தட்டச் செய்கிற ஏற்பாடு இல்லை. கம்பெனியின் சொந்த இன்ஜினியர்களுக்கு இன்டர்வியூவிலேயே பாதி நாள் போய்விடுகிறது, அவ்வளவுதான்.

எதிரில் இருப்பவர் பெரும்பாலும் வேறெங்கோ வேலை பார்த்துக்கொண்டு, ஓய்வு நேரத்தில் இதைச் செய்கிற இன்ஜினியர். நீங்கள் கோட் எழுதும்போது என் திரையின் மறுபாதியில் ஒரு படிவம் திறந்திருக்கும். இன்டர்வியூ கொடுப்பவரைப் பற்றி அதில் இப்படிக் கேள்விகள் இருக்கும்: காலி அரே (எதுவுமே இல்லாத பட்டியல்) வந்தால் என்ன ஆகும் என்று தானாகவே கேட்டாரா, க்ளூ கொடுத்த பிறகா? டைம் காம்ப்ளெக்ஸிட்டியை, அதாவது டேட்டா கூடக் கூட கோட் ஓடும் நேரம் எப்படிக் கூடும் என்பதைச் சொன்னாரா? டெஸ்ட் கேஸ் (மாதிரி உள்ளீடு) கொடுத்து ஓட்டிப் பார்த்தாரா? இதை நிரப்பி அனுப்புவதோடு என் வேலை முடிந்தது. சேர்ப்பதா வேண்டாமா என்பதைக் கம்பெனிதான் முடிவு செய்யும். எல்லோருக்கும் ஒரே அளவுகோல் என்பது இதில் நல்ல விஷயம்.

சிக்கலும் அங்கேதான். ஒருவர் வாயே திறக்காமல் நெடுநேரம் யோசித்தார், ஏதோ எழுதினார், அழித்தார். கெட்டிக்காரர் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் தோன்றியதை எழுத அந்தப் படிவத்தில் இடம் கிடையாது. 'அணுகுமுறையை விளக்கவில்லை' என்றுதான் குறிக்க முடிந்தது. அதனால் அரைகுறை யோசனையையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். "முதலில் இரண்டு லூப் போட்டு எழுதுகிறேன், அப்புறம் ஹாஷ் மேப்புக்கு (தேடுவதை வேகமாக்கும் அமைப்பு) மாற்றுகிறேன்" என்றால் போதும், படிவத்தில் ஒரு வரி உங்கள் பக்கம் விழுந்துவிடும்.

டீம், சம்பளம் பற்றியெல்லாம் அவரிடம் கேட்டுப் பயனில்லை, அவருக்கே தெரியாது. அந்தக் கேள்விகளும், பதிவை யார் பார்ப்பார்கள் என்பதும் மெயில் அனுப்பிய ஹெச்.ஆருக்கு. சரியாக வராவிட்டால் இன்னொரு வாய்ப்பு உண்டா என்றும் அவரிடமே கேளுங்கள். சில இடங்களில் தருகிறார்கள், கேட்காதவர்களுக்குத் தெரிவதில்லை.

ஒன்று மட்டும். கடைசி ரவுண்டு வரை அந்தக் கம்பெனி ஆள் ஒருவர்கூட முகம் காட்டாமல் ஆஃபர் வந்தால், கையெழுத்துப் போடும் முன் உங்கள் மேனேஜராக வரப்போகிறவரோடு அரை மணி நேரம் பேச வேண்டும் என்று கேளுங்கள். அதற்கும் நேரமில்லை என்றால் நானாக இருந்தால் சேர மாட்டேன்.