சினைப்பைக் கட்டியும் வயிற்றுப் பிள்ளையும்

கேள்வி: எனக்கு வயது 26. முதல் கர்ப்பம், 14 வாரம் ஆகிறது. இடது சினைப்பையில் கெட்டியான கட்டி இருப்பதாக ஸ்கேனில் தெரிந்தது. புற்றுநோயாக இருக்கலாம், எடுத்துப் பார்த்துவிட வேண்டும் என்கிறார் மருத்துவர். கருவைக் கலைத்தால்தான் நான் பிழைப்பேன் என்கிறார் நாத்தனார். தை அறுவடை முடிந்து கையில் பணம் வரட்டும் என்கிறார் மாமியார். என் பிள்ளை தங்குமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, பாபநாசம் வட்டம்

பதில்: தங்குவதற்கு நல்ல வாய்ப்பு இருக்கிறது. ஆனால் அறுவடை வரை காத்திருக்க வேண்டாம். அதற்குள் 20 வாரம் கடந்துவிடும்.

கர்ப்பத்தின் முதல் சில வாரங்களில் கருவைத் தாங்கும் ஹார்மோனைச் சினைப்பைதான் சுரக்கிறது. சுமார் 10 வாரத்துக்குள் நஞ்சுக்கொடி அந்த வேலையை ஏற்றுக்கொண்டுவிடுவதால், இப்போது ஒரு சினைப்பையை எடுத்தாலும் கருவுக்கு ஆதரவு குறையாது. நாள் தள்ளிப்போனால் கருப்பை பெரிதாகி அறுவை சிகிச்சை கடினமாகும். கட்டி முறுக்கிக்கொண்டு நள்ளிரவில் அவசரமாக வயிற்றைத் திறக்க நேர்ந்தால் தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து கூடும்.

அடுத்து முக்கியமானவை, கட்டியின் வகையும் நோயின் நிலையும். உங்கள் வயதில் காணப்படும் சினைப்பைப் புற்றுநோய்களில் பல, சினைப்பையைத் தாண்டிப் பரவும் முன்பே கண்டுபிடிக்கப்படுகின்றன. அப்படியானால் பாதித்த சினைப்பையையும் அதன் குழாயையும் மட்டும் அகற்றி, கருப்பையையும் மறு சினைப்பையையும் காப்பாற்றிக் கர்ப்பத்தைத் தொடரலாம். நோய் வெகுவாகப் பரவியிருந்தால் கருவைப் பற்றிய பேச்சு வரலாம். ஆனால் கருவைக் கலைப்பதால் மட்டும் புற்றுநோய் குணமாவதில்லை என்பதை உங்கள் நாத்தனாரிடம் பொறுமையாகச் சொல்லுங்கள். சினைப்பைப் புற்றுநோயில் கூடக்கூடிய ஒரு புரதத்தை அளக்கும் சி.ஏ.125 ரத்தப் பரிசோதனையில் அளவு சற்றுக் கூடியிருந்தாலும் கலங்காதீர்கள். கர்ப்பத்தின் தொடக்கத்தில் அது இயல்பாகவே உயரும்.

கீமோ, அதாவது புற்றுநோய் அணுக்களை அழிக்கும் மருந்து சிகிச்சை, தேவைப்பட்டால், பிள்ளையின் உறுப்புகள் உருவாகும் முதல் மூன்று மாதங்களில் அதைத் தவிர்ப்பார்கள். நீங்கள் அந்தக் கட்டத்தைக் கடந்துவிட்டீர்கள். இனி, பிள்ளையின் வளர்ச்சியை ஸ்கேனில் கவனித்தபடி கொடுக்க முடியும். தாய்க்கும் பிள்ளைக்கும் ரத்த அணுக்கள் மீண்டு வருவதற்காகப் பிரசவத்துக்கு ஏறக்குறைய மூன்று வாரம் முன்பே நிறுத்திவிடுவார்கள். இத்தகைய பிள்ளைகளை அதிகம் பாதிப்பது குறைமாதப் பிறப்பே என்பதால், சிகிச்சைக்காகப் பிரசவத்தை முன்கூட்டியே நடத்தும் எண்ணம் வந்தால், 37 வாரம் வரை தள்ள முடியுமா என்று தயங்காமல் கேளுங்கள்.

புற்றுநோய் மருத்துவரும் மகப்பேறு மருத்துவரும் கலந்து முடிவெடுக்கும் இடமாக, பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவும் உள்ள இடமாகப் பாருங்கள். தஞ்சாவூர் உங்களுக்குத் தொலைவில்லை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் கையோடு எடுத்துச் செல்லுங்கள். பணக் கவலைக்கு மாமியாரிடம் சொல்ல ஒரு பதில் கிடைக்கும். பிரசவத்துக்குப் பிறகும் கீமோ தொடர்ந்தால், அந்தக் காலத்தில் தாய்ப்பால் கொடுக்கக் கூடாது. இதை வீட்டாரிடம் இப்போதே சொல்லி வையுங்கள். பிள்ளை பிறந்த அன்று படுக்கையில் இருந்துகொண்டு விளக்கம் சொல்லும் நிலை உங்களுக்கு வர வேண்டாம்.