425 பிளேட்டில் மட்டும் ஹோல் அரை மில்லி தள்ளுவது ஏன்?

கேள்வி: ராயக்கோட்டையிலிருந்து ஓசூர் சிப்காட்டுக்கு தினமும் வேலைக்குப் போகிறேன். ஃபேப்ரிகேஷன் கம்பெனியில் டிராஃப்ட்ஸ்மேன். பேஸ் பிளேட்டின் நடுவில் ஹோல் போடுவதற்காக, வீடியோ பார்த்து ஆட்டோலிஸ்ப்பில் நாற்பது வரி எழுதினேன். (படம் வரையும் ஆட்டோகேட் மென்பொருளுக்குள் ஓடுகிற, எல்லாவற்றையும் பிராக்கெட்டுக்குள் எழுதுகிற நிரல் மொழி அது.) 300, 400 மில்லிமீட்டர் நீளப் பிளேட்டுக்குச் சரியாக வருகிறது. 425-க்குப் போட்டால் அரை மில்லி தள்ளி விழுகிறது. ஒரு நாள் சம்பந்தமே இல்லாமல் பக்கத்துப் பிளேட்டின் மூலையில் போய் உட்கார்ந்துகொண்டது. "பிராக்கெட் மொழி தாத்தா காலத்துச் சமாச்சாரம், பைத்தானுக்குப் போ" என்கிறார் சீனியர். கம்ப்யூட்டர் பயிற்சி சென்டர்காரர் ஒருவர் 'லிஸ்ப்பும் ஏ.ஐ.யும்' என்று 22,000 ரூபாய் கேட்கிறார். சேர்ந்தால் ஆயிரம் லிஸ்ப் உள்ள பென்டிரைவ் இலவசமாம். என்ன செய்யட்டும் சார்?

பதில்: முதல் காரியமாக, அந்தப் பணத்தைக் கட்டாதீர்கள் தம்பி. இரண்டாவது, உங்கள் ஃபைலைத் திறந்து, நீளத்தை இரண்டால் வகுக்கிற வரியைத் தேடுங்கள். அங்கே 2 என்று இருக்கும். அதை 2.0 என்று மாற்றுங்கள். அரை மில்லி சரியாகிவிடும்.

காரணம் இதுதான். ஆட்டோலிஸ்ப்பில் இரண்டு எண்களும் முழு எண்ணாக இருந்தால் விடையும் முழு எண்தான். (/ 425 2) என்று கேட்டால் 212 என்று சொல்லும். மீதியைக் கீழே போட்டுவிடும், உங்களிடம் சொல்லவும் செய்யாது. உங்கள் ஊர் தக்காளி மண்டியில் ஏழு பெட்டியை இரண்டு வண்டிக்குப் பிரித்து ஆளுக்கு மூன்று ஏற்றிவிட்டு, ஏழாவது பெட்டியை ரோட்டிலேயே விட்டுவிட்டுப் போகிற மாதிரி. 300-ம் 400-ம் இரட்டைப்படை என்பதால் தப்பித்தீர்கள். (/ 425 2.0) என்று ஒரு புள்ளி வைத்தால் 212.5 வரும். நடு ஹோலில் அரை மில்லி பரவாயில்லை என்று விட்டுவிடாதீர்கள். நாளைக்கே 400-ஐ மூன்றாகப் பிரிப்பீர்கள். 133 என்று எடுத்துக்கொண்டு மூன்று தடவை நகர்ந்தால் 399-ல் நிற்கும். ஒரு மில்லி போயிற்று. நானே இப்படி ஒரு தடவை லேசர் கட்டிங்குக்கு ஃபைல் அனுப்பிவிட்டு, வெட்டி வந்த பிளேட்டுகளைப் பார்த்துத் தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறேன். அன்றைக்கும் எல்லாரும் பிராக்கெட்டைத்தான் திட்டினார்கள்.

வீடியோவில் பார்த்தது வேறு லிஸ்ப்பாகவும் இருக்கலாம். லிஸ்ப் ஒரு குடும்பம். ஸ்கீம், காமன் லிஸ்ப், க்ளோஷர் என்று பங்காளிகள் நிறைய. காமன் லிஸ்ப்பில் இதே கணக்கைப் போட்டால் 425/2 என்று பின்னமாகவே பத்திரமாக வைத்திருக்கும். அதைப் பார்த்துவிட்டு ஆட்டோகேடில் எழுதினால் இப்படித்தான் ஆகும். உங்கள் மெஷினில் ஓடுவது ஆட்டோலிஸ்ப், 1986-ல் ஆட்டோகேடுக்குள் வந்தது. அதன் பெயர் போட்ட உதவிப் பக்கத்தை மட்டும் பாருங்கள்.

மூலையில் போய் உட்கார்ந்த ஹோல் வேறு கதை. அது ஸ்னாப் வேலை, அதாவது பக்கத்தில் உள்ள மூலை, நடுப்புள்ளி போன்றவற்றில் தானாகப் போய் ஒட்டிக்கொள்ளும் வசதி. வட்டம் போடும் கட்டளைக்கு லிஸ்ப் ஒரு புள்ளியைக் கொடுக்கும்போது ஆப்ஜெக்ட் ஸ்னாப் ஆன்-ல் இருந்தால், பக்கத்தில் இருக்கிற மூலையை அது பிடித்துக்கொள்ளும். படத்தை ஜூம் அவுட் செய்து வைத்திருந்தால் இன்னும் சுலபமாகப் பிடிக்கும். புள்ளிக்கு முன்னால், மேற்கோள் குறிக்குள், கீழ்க்கோடு ஒன்றும் என்-ஓ-என் என்ற மூன்று எழுத்தும் சேர்த்துவிடுங்கள். அந்த ஒரு புள்ளிக்கு மட்டும் ஸ்னாப் விலகி நிற்கும். சிலர் ஸ்னாப்பை மொத்தமாக அணைத்துவிட்டுக் கடைசியில் திரும்பப் போடச் சொல்வார்கள். நடுவில் எஸ்கேப் அடித்தால் அது அணைந்தே கிடக்கும். அப்புறம் ஆபீஸே உங்களைத் திட்டும்.

இனி பிராக்கெட். அமெரிக்கக் கணினி அறிஞர் ஜான் மெக்கார்த்தி 1958-ல் லிஸ்ப்பை ஆரம்பித்தபோது, வெளியே எழுதுவதற்கு வேறொரு எழுத்துமுறை வைப்பதாகத்தான் திட்டம். பிராக்கெட் உள்வேலைக்கு. எழுதியவர்களுக்கு அதுவே பழகிவிட்டது, இன்றுவரை சண்டை ஓயவில்லை. சீனியர் சொன்ன வயசு சரிதான். ஆனால் கட்டளை வரியில் தட்டும்போது ஒரு பிராக்கெட் விட்டுப்போனால் ஆட்டோகேட் அங்கேயே நின்று (_> என்று காட்டிக் காத்திருக்கும். கண்ணுக்குத் தெரிகிற தப்பு. தெரியாமல் கழுத்தை அறுப்பது 2-க்குப் பின்னால் விட்டுப்போன அந்தத் தசமப் புள்ளிதான். நோட்பேடில் எழுதுவதை விடுங்கள். விஎஸ் கோடு என்ற நிரல் எழுதும் மென்பொருளும் அதற்கான ஆட்டோலிஸ்ப் இணைப்பும் இலவசம். எந்த பிராக்கெட்டுக்கு எது ஜோடி என்று அதுவே காட்டும். பைத்தானையும் கற்றுக்கொள்ளுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பேஸ் பிளேட்டுக்கு இந்த நாற்பது வரியே போதும்.

சில மெஷினில் லிஸ்ப் ஏறவே மறுத்தால் உங்கள் எழுத்தைச் சந்தேகப்படுவதற்கு முன் அது எல்டி-யா, அதாவது ஆட்டோகேடின் வசதி குறைந்த மலிவு வகையா என்று பாருங்கள். ஆட்டோகேட் எல்டி-யில் 2024 பதிப்புக்கு முன்னால் லிஸ்ப் கிடையாது. அந்த 2024 பதிப்பு வெளிவந்தது 2023 மார்ச்சில். ஆகவே 2023-ல் வாங்கியது என்று பில்லைக் காட்டினால் ஒன்றும் தெரியாது. ஜனவரியில் வாங்கியவரும் ஜூனில் வாங்கியவரும் ஒரே ஆண்டுதான். அபவுட் பெட்டியைத் திறந்து பதிப்பு எண்ணைப் படியுங்கள். 2023 எல்டி என்று இருந்தால் நீங்கள் தலைகீழாக நின்றாலும் ஓடாது.

அடுத்து அந்த பென்டிரைவ். தயவுசெய்து தொடாதீர்கள். லிஸ்ப் ஃபைல் என்பது படம் இல்லை, உங்கள் கம்ப்யூட்டரில் ஓடுகிற நிரல். 2012-ல் மெட்ரே என்றொரு லிஸ்ப் வைரஸ் பெரு நாட்டில் பரவி, ஆட்டோகேட் படங்களை ஈமெயிலில் சீனாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. இலவசமாகக் கொடுக்கிறவர்கள் பாதியை ஃபேஸ் (.fas) ஃபைலாகக் கொடுப்பார்கள், திறந்து படிக்க முடியாது. ஏற மறுத்தால் 'செக்யூர்லோட் மதிப்பை 0 ஆக்கிடுங்க' என்பார்கள். வெளி ஃபைல் ஏறும்முன் எச்சரிக்கிற ஆட்டோகேட் அமைப்பு அது; 0 ஆக்குவது வாசல் கதவைக் கழற்றி வைப்பது. 1-லேயே இருக்கட்டும். படம் இருக்கிற ஃபோல்டரில் நீங்கள் வைக்காத ஆகேட் டாட் எல்எஸ்பி (acad.lsp) என்ற ஃபைல் கிடந்தால், படத்தைத் திறக்காமல் அதை யார் வைத்தது என்று முதலில் கேளுங்கள்.

ஏ.ஐ. என்கிற வாலும் அரை உண்மை. ஒரு காலத்தில் ஏ.ஐ. ஆராய்ச்சி லிஸ்ப்பில் நடந்தது. இன்றைக்கு அதற்கு பைத்தான்தான். பழைய பெருமைக்கு 22,000 ரூபாயா? நம் பிள்ளைகளைச் சொல்லிக் குற்றமில்லை. டிப்ளமோவில் கோடு போடச் சொல்லித்தருகிறோம், அந்தக் கோட்டைக் கம்ப்யூட்டரே போட ஒரு வரி எழுதச் சொல்லித்தருவதில்லை. கம்பெனியோ நானூறு பிளேட்டைக் கையால் போட்டால் ஓவர்டைம் தரும், லிஸ்ப் எழுத ஒரு மணி நேரம் தராது. அந்த இடைவெளியில்தான் சென்டர்காரர் கடை போடுகிறார்.

2-ஐ 2.0 ஆக்கிய பிறகு 425, 375, 333 மூன்றையும் போட்டு, டிஸ்டன்ஸ் கட்டளையில் அளந்து பாருங்கள். அப்போதும் தள்ளினால் நாற்பது வரியையும் ஃபைலாக அனுப்புங்கள். மொபைலில் எடுத்த ஸ்கிரீன் போட்டோவில் பிராக்கெட் எண்ண என் கண்ணுக்கு முடியாது.