காடு படித்தவருக்கு டெல்டாவில் என்ன வேலை?

அன்புள்ள சார்,

மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஊர். மேட்டுப்பாளையம் வனக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். நான் கேட்டது வேளாண்மை. கலந்தாய்வில் கிடைத்தது வனவியல். வகுப்பில் பலர் கதையும் இதுதான். இப்போதே வங்கித் தேர்வுக்குப் படிக்கிறார்கள். பொங்கலுக்கு ஊருக்குப் போனால், "வயல்ல பொறந்துட்டு காடு படிக்கிறியே, வாட்சர் வேலைக்கா?" என்கிறார் பெரியப்பா. இந்தப் படிப்பால் டெல்டாவுக்கு ஏதாவது உண்டா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள மாணவிக்கு,

உங்கள் வகுப்பினரின் கணக்கில் தப்பில்லை. இந்திய வனப்பணித் தேர்வைப் பொறியியல், கணிதம், விலங்கியல் படித்தவர்களும் எழுதலாம். நான்கு வருடம் காட்டில் அலைந்தவருக்கு அங்கே தனி வரிசை கிடையாது. எனக்கு இது அநியாயமாகவே படுகிறது. வங்கியில் வேளாண் அலுவலர் தேர்வுக்கு வனவியல் பட்டம் செல்லும் என்பதால் அந்தப் பக்கம் போகிறார்கள். போகட்டும். சவுக்கு போடக் கடன் கேட்டு வருபவரிடம் விவரமாகப் பேச ஓர் ஆளாவது இருக்கும்.

சரி, டெல்டாவுக்கு வருவோம். முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டைப் படகிலிருந்து பார்த்திருப்பீர்கள். ஒரு காலத்தில் அதைப் பகுதி பகுதியாக மொட்டையடித்தார்கள். நிழல் போய், சேறு காய்ந்து, தரை தாழ்ந்தது. பள்ளத்தில் ஏறிய கடல்நீர் வடிய வழியின்றித் தேங்கி வற்ற, உப்பு ஏறிக்கொண்டே போனது. அதில் கன்று எப்படிப் பிடிக்கும்? கடைசியில் கைகொடுத்தது வாய்க்கால்தான். நடுவே பெரிய வாய்க்கால், இரு பக்கமும் மீன்முள் மாதிரி சாய்வாகக் கிளைகள். கடல் ஓதம், அதாவது அன்றாடம் ஏறி இறங்கும் கடல்நீர், அதில் வந்து போய் உப்பைக் குறைத்தது. அப்புறம் கரையோரம் ஊன்றிய கன்று பிடித்துக்கொண்டது.

எங்கே வெட்டினால் தண்ணீர் வடியும் என்று கடைமடைக்காரருக்குப் பாடம் எடுக்கவா வேண்டும்? உங்கள் பெரியப்பாவுக்கே தெரியும். அங்கே எந்தச் செடி எவ்வளவு உப்பைத் தாங்கும் என்பதுதான் அவருக்குத் தெரியாது. அது உங்கள் படிப்பு.

2018 கஜா புயலில் தென்னை விழுந்ததைப் பற்றியே நாம் பேசினோம், நான் உட்பட. முத்துப்பேட்டையிலும் கோடியக்கரையிலும் காடே முறிந்து கிடந்தது. எது தானாகத் துளிர்க்கும், எங்கே கை வைக்காமல் விட வேண்டும் என்று சொல்லவும் ஆள் வேண்டுமே.

இறுதியாண்டுக் களப்பயிற்சிக்கு முத்துப்பேட்டையைக் கேட்டுப் பாருங்கள். பெரியப்பாவையும் ஒருநாள் படகில் ஏற்றுங்கள். சேறு முழங்கால் வரை வரும், வெள்ளை வேட்டி வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள்.