நட்ட நடுப் பகலில் ஏன் கரண்ட் இல்லை?

கே: மாடியில் 5 கிலோவாட் சோலார் போட்டிருக்கிறோம். கொளுத்தும் வெயிலில்கூட இன்வெர்ட்டர் திரையில் 4-ஐத் தாண்டி எண் ஏறுவது அபூர்வம். ஏமாந்துவிட்டோமா?

ப: பெரும்பாலும் இல்லை. 5 கிலோவாட் என்பது சோதனைக்கூடத்தில் எடுத்த அளவு. ஒரு சதுர மீட்டருக்கு 1000 வாட் ஒளி விழ வேண்டும், அதே நேரம் பேனலுக்குள் மின்சாரம் தயாரிக்கும் சிலிக்கான் செல்லின் சூடு 25 டிகிரியில் நிற்க வேண்டும், அப்போதுதான் அந்த எண் வரும். மாடியில் இது எங்கே நடக்கும்? மத்தியானம் பேனலுக்கு அடியில் குனிந்தாலே முகத்தில் அனல் அடிக்கும், செல் 60 டிகிரியைத் தொட்டிருக்கும். சிலிக்கானுக்கு வெளிச்சம்தான் வேண்டும், சூடு ஆகாது. 25-க்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.3 முதல் 0.4 சதவீதம் உற்பத்தி குறைவதால் அதிலேயே பத்து சதவீதத்துக்கு மேல் போய்விடுகிறது, அப்புறம் தூசி, ஒயர், இன்வெர்ட்டர் என்று ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துக்கொண்டால் மிச்சம் 4 தான்.

ஒன்றை மட்டும் கட்டாயம் பாருங்கள்: நிழல். பிற்பகலில் தண்ணீர்த் தொட்டியின் நிழல் ஒரு பேனலின் ஓரத்தில் ஏறினால், நிழல் பட்ட இடத்துக்கு மட்டும்தான் நஷ்டம் என்று நினைக்கிறோம். செல்களைச் சங்கிலி போல ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்திருப்பதால், ஒரு செல் சுணங்கினால் அந்த வரிசையே சுணங்கும். உள்ளே இருக்கும் பைபாஸ் டையோடு அந்தப் பகுதியை ஒதுக்கிவிட்டு மற்றதைக் காப்பாற்றும், ஆனால் ஒதுக்கிய பகுதியின் மின்சாரம் போனது போனதுதான். காய்ந்து ஒட்டிக்கொண்ட பறவை எச்சமும் இதே வேலையைச் செய்யும், அந்த இடம் தனியாகச் சூடேறி செல்லே கெட்டுப்போகவும் வாய்ப்பு உண்டு. அதிகாலையில், பேனல் குளிர்ந்திருக்கும்போது, வெறும் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

கே: பகலில் தெருவில் கரண்ட் போனால் எங்கள் வீட்டிலும் ஃபேன் நின்றுவிடுகிறது. தலைக்கு மேல் மின்சாரம் தயாராகும்போது இது என்ன நியாயம்?

ப: லைனில் கரண்ட் இல்லை என்று நம்பித்தான் ஒருவர் கம்பத்தில் ஏறுகிறார். உங்கள் வீட்டு மின்சாரம் அந்தக் கம்பிக்குள் போனால் அவர் உயிர் போகும், அதனால்தான் இன்வெர்ட்டர் தானாக நின்றுகொள்கிறது. மின்தடையிலும் ஓட வேண்டுமானால் லைனிலிருந்து வீட்டைப் பிரித்துவிடும் ஹைபிரிட் இன்வெர்ட்டரும் பேட்டரியும் வேண்டும்.

கே: அப்படியானால் பெரிய பேட்டரி வாங்கி இணைப்பையே துண்டித்துவிடலாமா?

ப: அவசரப்படாதீர்கள். நாளுக்கு 10 யூனிட் செலவாகும் வீடு என்று வைத்துக்கொள்வோம். ஓர் இரவைத் தாண்ட ஐந்தாறு யூனிட் பேட்டரி போதும், அதில் சிக்கல் இல்லை. சிக்கல் மழைக்காலத்தில் வரும். மேகம் அடர்ந்து மூடிய நாளில் உற்பத்தி பத்தில் ஒரு பங்காகக்கூட விழும், மூன்று நாள் அப்படியே போனால் ஏறக்குறைய 30 யூனிட் சேமிப்பு வேண்டும், வெயில் வந்த பிறகும் அதே பேனல்தான் வீட்டையும் ஓட்டி, காலியான பேட்டரியையும் நிரப்ப வேண்டும். வருடத்தில் சில நாட்களுக்காக ஐந்து மடங்கு பேட்டரி வாங்கி வைத்தால் மற்ற நாளெல்லாம் அது சும்மா கிடக்கும், சும்மா கிடந்தாலும் அதற்கு வயதாகும். நிலநடுக்கோட்டிலிருந்து விலகி வடக்கே போகப் போக நிலைமை இன்னும் மோசம், குளிர்காலப் பகல் குறுகிவிடும், கோடை வெயிலைக் குளிர்காலம் வரை சேர்த்துவைக்க எந்த வீட்டு பேட்டரியாலும் ஆகாது.

இணைப்பு இருக்கட்டும். மோட்டார், வாஷிங் மெஷின், ஹீட்டர் மூன்றையும் காலை 10 மணியிலிருந்து பிற்பகல் 3 மணிக்குள், ஒன்று முடிந்த பிறகு இன்னொன்று என்று ஓட்டிப் பாருங்கள். அதற்கு பேட்டரியே வேண்டாம்.