பெரிய டயர் எங்கே உரசும்? லிஃப்ட் செய்த வண்டிக்காரர்களுக்கான கேள்வி பதில்

டயர், லிஃப்ட் (ஸ்பிரிங்கை மாற்றி வண்டியை உயர்த்துவது) பற்றிக் கேளுங்கள் என்று சொன்னதுதான் தாமதம், கேள்விகள் குவிந்துவிட்டன. அதில் பாதி ஒரே கேள்வி: "இத்தனை அங்குல லிஃப்டுக்கு இந்த டயர் உட்காருமா?" அதற்கான பதில் முதல் கேள்வியிலேயே இருப்பதால் அதைக் கொஞ்சம் விரித்தே எழுதியிருக்கிறேன்.

மண்சாலை: அண்ணா, 2 அங்குல லிஃப்ட் போட்டு, 265/70 ஆர்17 இருந்த இடத்தில் 285/70 ஆர்17 மாட்டினேன். வாசலில் நிறுத்தி ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுசாக ஒடித்துப் பார்த்தேன், எங்கேயும் படவில்லை. முதல் காட்டுப்பாதையிலேயே ரிவர்ஸில் ஒடித்தபோது கரகரவென்று சத்தம். 3 அங்குல லிஃப்டாக மாற்றிவிடட்டுமா?

வேண்டாம், பணம்தான் போகும், சத்தம் போகாது. வண்டி சும்மா நிற்கும்போது பாடியை டயரிலிருந்து தள்ளித் தூக்கி வைக்கிறது லிஃப்ட், அவ்வளவுதான். ஒரு சக்கரம் கல்மேல் ஏறி ஸ்பிரிங் கடைசி வரை அமுங்கும்போது, அந்த டயர் லிஃப்டுக்கு முன்னால் எந்த உயரம் வரை போனதோ அங்கேயேதான் போய் நிற்கும். அதை அங்கே நிறுத்துவது பம்ப் ஸ்டாப் என்கிற தடுப்புக் கட்டை. அதைத் தாழ்த்தாமல் 2 அங்குலம் போட்டாலும் 4 அங்குலம் போட்டாலும் டயர் முட்டும் இடம் அதேதான்.

இப்போது கணக்கைப் பாருங்கள். 285 மி.மீ. அகலத்தில் 70 சதவீதம், அதாவது டயரின் பக்கச்சுவர் உயரம், 199.5. மேலும் கீழுமாக 399. ரிம் 17 அங்குலம், அதாவது 431.8. மொத்தம் 830.8 மி.மீ. பழைய டயர் இதே கணக்கில் 802.8. ஆக, ஆரம் 14 மி.மீ. கூடியிருக்கிறது, மேலே மட்டுமல்ல, முன்னாலும் பின்னாலும் சேர்த்து. அகலத்திலும் பக்கத்துக்கு 10 மி.மீ. வந்துவிட்டது.

உங்களுக்கு உரசும் இடம் அநேகமாக முன் சக்கரத்துக்குப் பின்னால், வீல் ஆர்ச்சின் கீழ் மூலை. பிளாஸ்டிக் லைனரை விலக்கிப் பாருங்கள். இரண்டு தகடுகளைச் சேர்த்து வெல்டு வைத்த ஒரு விளிம்பு கத்தி மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். என் வண்டியில் அந்த விளிம்பில் பெயின்ட் போய், கறுப்பு ரப்பர் மை பூசினாற்போல் மினுமினுவென்று ஒரு கோடு இருந்தது. டயரின் தோள்பட்டையில் அதே உயரத்தில் ஒரு வெட்டு. நானும் உங்களைப் போலவே வாசலில் ஒடித்துப் பார்த்துத் திருப்திப்பட்டவன்தான்.

சரியாகப் பார்ப்பது இப்படி. பிள்ளைகள் விளையாடும் வண்ணக் களிமண்ணை எலுமிச்சம்பழ அளவு உருட்டி, சந்தேகப்படும் இடங்களில் ஒட்டுங்கள்: அந்த விளிம்பு, முன் பம்பரின் உள் மூலை, பாடி மவுன்ட், உள்பக்கம் ஸ்டெபிலைசர் பார் (வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பி). ஒரு முன் சக்கரத்தை மேடையில் ஏற்றுங்கள், எதிர்மூலைப் பின் சக்கரத்தையும் ஏற்றுங்கள். பிறகு ஆள் ஒருவர் மெதுவாக ஸ்டியரிங்கை ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குத் திருப்பட்டும். அப்புறம் களிமண் எங்கே எவ்வளவு நசுங்கியிருக்கிறது என்று பாருங்கள். இன்னும் துல்லியம் வேண்டுமென்றால் ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, பம்ப் ஸ்டாப் முட்டும் வரை ஜாக்கியால் சக்கரத்தை உயர்த்திப் பார்க்கலாம். ஸ்பிரிங்கைக் கழற்ற சரியான கருவி வேண்டும், தெரிந்தவர் கூட இருக்கட்டும். எப்படிப் பார்த்தாலும் 20–25 மி.மீ. இடைவெளி மிச்சம் இருக்க வேண்டும். சேறு ஒட்டும், காற்று குறைத்தால் டயர் பக்கவாட்டில் பிதுங்கும்.

சரிசெய்வதில் வரிசை உண்டு. முதலில் லைனரை ஹீட் கன்னால் சூடாக்கிப் பின்னுக்கு அழுத்துவது. அடுத்து அந்த விளிம்பைச் சுத்தியலால் தட்டி மடக்குவது. மடக்கியதும் பெயின்ட் அடிக்காவிட்டால் துரு பிடிக்கும். அப்போதும் உரசினால் பம்ப் ஸ்டாப்பைத் தாழ்த்துங்கள். பாடி மவுன்டை வெட்டுவதை நான் கடைசிக்கும் கடைசியாகத்தான் வைப்பேன். கேபினைத் தாங்குகிற இடம் அது, வெட்டினால் நல்ல வெல்டர் கையால் தகடு வைத்து மூட வேண்டும்.

சேற்றுக்கால்: சார், ரிம் வெளியே வந்தால் உரசாது என்று டயர் மாட்டுபவர் சொல்கிறார். ஆஃப்செட் 30 இருக்கிறது, 0 ஆக்கலாமா?

அவர் சொல்வது பாதி சரி. உள்பக்கம் சஸ்பென்ஷன் கையில் உரசுவது தீரும். ஆனால் ஆஃப்செட் என்பது ரிம்மின் நடுக்கோட்டுக்கும் அது வண்டியில் பொருந்தும் முகத்துக்கும் உள்ள தூரம், அதை 0 ஆக்கினால் சக்கரம் 30 மி.மீ. வெளியே வந்துவிடும். அகலமான கதவு திறக்க அதிக இடம் கேட்கும் இல்லையா, அதேபோல் திரும்பும் அச்சிலிருந்து டயர் தள்ளிப் போகப் போக அது சுற்றும் வட்டமும் பெரிதாகும். உள்ளே தீர்ந்த உரசல் பம்பர் மூலையில் முளைக்கும். குழியில் விழும்போது ஸ்டியரிங் கையை வெடுக்கென்று இழுக்கும், வீல் பேரிங்குக்கும் பாரம். களிமண்ணில் அளந்து, உள்பக்கத்துக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு மட்டும் வெளியே எடுங்கள். பெரும்பாலும் 10–15 மி.மீ. போதும்.

கரடுமுரடு: 33 அங்குலம்தான் வேண்டும், ஆனால் வெட்டவும் ஒட்டவும் மனசில்லை. வழி உண்டா?

உண்டு, ஒல்லியான டயர். உங்கள் ரிம் 16 அங்குலமாக இருந்தால் 255/85 ஆர்16 தேடுங்கள். உயரம் 839.9 மி.மீ., கிட்டத்தட்ட சரியாக 33 அங்குலம். அதே உயரத்தில் 12.50 அங்குல அகல டயர் என்றால் அகலம் சுமார் 317 மி.மீ. உரசலுக்குப் பாதிக் காரணம் இந்த அகலம்தான், பழி மட்டும் உயரத்தின் மேல். அகல டயர் பார்க்க மிரட்டலாக இருக்கும், மறுக்கவில்லை. எனக்கு ஒல்லிதான் பிடிக்கும்.

மூணாவது கியர்: அண்ணே, 31-லிருந்து 35 அங்குலத்துக்குப் போனேன். ஏற்றத்தில் வண்டி முக்குகிறது, மைலேஜ் படுத்துவிட்டது. டயர் கனமாக இருப்பதாலா?

கனமும் உண்டு, ஆனால் பெரிய காரணம் கியர் விகிதம். 35-ஐ 31-ஆல் வகுத்தால் 1.129. உங்கள் எல்லா கியரும் ஏறக்குறைய 13 சதவீதம் நீண்டுவிட்டன. மூன்றாவதில் ஏறிய இடத்தில் இப்போது இரண்டாவது கேட்கும். கம்பெனியில் வந்த கிரவுன் பினியன் (ஆக்சிலில் இருக்கும் கடைசி கியர்) விகிதம் 3.73 என்றால், பழைய இழுவை திரும்ப 3.73 × 1.129 = 4.21 வேண்டும். 4.10 அல்லது 4.30, எது கிடைக்கிறதோ அது. சுமை ஏற்றுபவராக இருந்தால் 4.30. ஃபோர் வீல் டிரைவ் என்றால் முன்னும் பின்னும் இரண்டையும் மாற்ற வேண்டும், ஒன்றை மட்டும் மாற்றினால் முன்னுக்கும் பின்னுக்கும் இழுவையைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் போய்விடும்.

மைலேஜ் விஷயத்தில் ஒரு வேடிக்கை. மீட்டர் இன்னும் 31 அங்குல டயர் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறது. 100 கி.மீ. காட்டும்போது நீங்கள் 113 கி.மீ. ஓடியிருப்பீர்கள். அந்தக் கணக்கைப் போட்டுவிட்டுப் பிறகு வருத்தப்படுங்கள். ஸ்பீடோமீட்டரும் அப்படித்தான்: முள் 80-இல் நிற்கும்போது வண்டி 90-இல் போகும். மீட்டரைத் திருத்தும் வரை ஜிபிஎஸ் பார்த்து ஓட்டுங்கள்.

பின்சீட்டு: என் கணவர் 35 அங்குலம் மாட்டியிருக்கிறார். பிரேக் முன்பு போல் பிடிப்பதில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. அவர் "எல்லாம் உன் பிரமை" என்கிறார்.

பிரமை இல்லைங்க. அதே பிரேக் இப்போது கனமான, ஆரம் கூடிய சக்கரத்தை நிறுத்த வேண்டியிருக்கிறது. நிற்கும் தூரம் கூடத்தான் செய்யும். நல்ல பேடு, முடிந்தால் பெரிய டிஸ்க். அதுவரை முன்னால் போகும் வண்டியிடமிருந்து தள்ளியே வரச் சொல்லுங்கள்.

ஒற்றையடி: ஸ்டெப்னி மட்டும் பழைய சைஸில் இருக்கட்டுமா?

கூடாது. ஒரே ஆக்சிலில் இரண்டு அளவு டயர் ஓடினால், இரு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் டிஃபரன்ஷியல் ஓயாமல் சுழன்றுகொண்டே இருக்கும். ஃபோர் வீல் டிரைவோ, இரு சக்கரங்களையும் சேர்த்துப் பூட்டும் லாக்கரோ போட்டுவிட்டால் இன்னும் மோசம். ஐந்தாவது டயரின் விலையையும் முதலிலேயே கணக்கில் சேருங்கள். அது வண்டிக்கு அடியில் பழைய இடத்தில் நுழையுமா என்றும் அளந்து பாருங்கள், சைலன்சர் பல வண்டிகளில் இடிக்கும்.

டயர் பித்தன்: கதவில் ஒட்டியிருக்கும் காற்று அளவையே புதிய எல்டி டயருக்கும் வைக்கலாமா?

அந்தத் தாள் பழைய டயருக்கு எழுதியது. எல்டி (லைட் டிரக்) வகை அதே சுமையைத் தாங்க இன்னும் கொஞ்சம் கூடுதல் காற்று கேட்கும். அங்கிருந்து சில பிஎஸ்ஐ கூட்டி ஆரம்பியுங்கள். டயர் குளிர்ந்திருக்கும்போது, தரையைத் தொடும் பட்டைமேல் சாக்பீஸால் குறுக்கே ஒரு தடிப்பான கோடு போட்டு, சமமான ரோட்டில் நேராக 100 மீட்டர் ஓட்டுங்கள். நடுவில் மட்டும் அழிந்தால் காற்று அதிகம். ஓரங்கள் மட்டும் அழிந்தால் குறைவு. சமமாக அழிந்தால் அதுதான் உங்கள் அளவு. முன்னும் பின்னும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும், சுமை ஏற்றும்போது மறுபடியும். வாங்கும்போது சுமைக் குறியீட்டையும் படியுங்கள்: 112 என்றால் ஒரு டயருக்கு 1120 கிலோ, 121 என்றால் 1450. கம்பெனி டயரில் இருந்ததைவிடக் குறைந்தால், எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

நேர்கோடு: லிஃப்டுக்கு அப்புறம் நெடுஞ்சாலையில் வண்டி அலைபாய்கிறது. அலைன்மென்ட் பார்த்தாச்சு, டோ சரியாம்.

டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் அளவு) மட்டும் போதாது, காஸ்டர் (பக்கத்திலிருந்து பார்த்தால் ஸ்டியரிங் அச்சு பின்னால் சாய்ந்திருக்கும் கோணம்) எவ்வளவு என்று கேளுங்கள். தூக்கும்போது காஸ்டர் குறையும், திருப்பிய ஸ்டியரிங் தானாக நேருக்கு வரும் குணம் போய்விடும். தனிச் சஸ்பென்ஷன் என்றால் சரிசெய்யக்கூடிய மேல் கைகள் தேவைப்படலாம். இரு சக்கரங்களையும் ஒரே தண்டு இணைக்கும் முழு ஆக்சில் என்றால், காஸ்டரோடு பன்ஹார்ட் ராடையும் (ஆக்சில் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் கம்பி) பாருங்கள். தூக்கியதில் ஆக்சிலே ஒரு பக்கமாக நகர்ந்திருக்கும்.

குட்டி ஜீப்: ஜிம்னி வைத்திருக்கிறேன். லிஃப்ட் செய்யாமல் எவ்வளவு பெரிய டயர் போடலாம்?

கம்பெனி டயர் 195/80 ஆர்15, உயரம் 693 மி.மீ. 215/75 ஆர்15 பெரும்பாலும் தொந்தரவில்லாமல் உட்காரும். 703.5 மி.மீ. வரும், ஆக்சில் 5 மி.மீ. உயரும். அவ்வளவுதானா என்று கேட்பீர்கள். ஆமாம், ஆனால் இப்படி முன்னும் பின்னும் முழு ஆக்சில் உள்ள வண்டியில் டிஃபரன்ஷியலைத் தரையிலிருந்து தூக்க டயரைத் தவிர வேறு வழியில்லை. எத்தனை அங்குல ஸ்பிரிங் போட்டாலும் அது அதே உயரத்தில்தான் தொங்கும்.

மண்சாலை (மறுபடியும்): அண்ணா, களிமண் வைத்துப் பார்த்தேன், நீங்கள் சொன்ன அதே விளிம்பு! மடக்கிப் பெயின்ட்டும் அடித்தாச்சு. வேறு ஏதாவது?

50–100 கி.மீ. ஓடியதும் வீல் நட்டுகளை டார்க் ரெஞ்ச் வைத்து ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். ராத்திரி கிளம்புவதற்குள் ஹெட்லைட்டையும் கீழே இறக்கிவிடுங்கள். வண்டி உயர்ந்ததிலிருந்து எதிரே வருகிறவர் கண்ணில்தான் அடித்துக்கொண்டிருப்பீர்கள்.