கோத்தகிரி இறக்கத்தில் லீவர் கைக்குள் வந்துவிட்டது

கேள்வி: ஷிமானோ ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக் உள்ள மவுண்டன் பைக் வாங்கி ஒன்றரை வருடம் ஆகிறது. போன மாதம் கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும்போது பாதி வழியில் பின் பிரேக் லீவர் ஹேண்டில்பார் வரை வந்துவிட்டது. அரை மணி நேரம் நிறுத்தி வைத்ததும் சரியாகிவிட்டது. கீழே வந்ததும் பஞ்சர். சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து ஒட்டினேன். அன்றிலிருந்து முதல் பிடியில் லீவர் பஞ்சு மாதிரி அமுங்குகிறது, இரண்டு மூன்று முறை அடித்தால் கெட்டியாகிறது. எங்கள் தெரு மெக்கானிக், மோட்டார் சைக்கிள் பிரேக்குக்கு ஊற்றும் டாட் 4 ஆயிலையே ஊற்றி ஏர் எடுத்துத் தருகிறேன் என்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். அவர் கைத்திறனில் குறை சொல்லவில்லை, ஆயில்தான் தப்பு. ஷிமானோ பிரேக் மினரல் ஆயிலில் ஓடுவது. அதன் ரப்பர் சீல்கள் அந்த எண்ணெய்க்கென்றே செய்யப்பட்டவை. டாட் ஆயில் பட்டால் சீல் ஊதிப்போகும், பிஸ்டன் திரும்பாது. பிறகு கழுவி மீட்பது நடக்காத காரியம், லீவர், டிஸ்க்கில் உராயும் பேட்களை அழுத்துகிற காலிப்பர், இரண்டையும் இணைக்கும் ஓஸ் மூன்றையும் மாற்ற வேண்டிவரும். டாட் ஊற்றும் பிரேக்கில் மினரல் ஆயிலை ஊற்றினாலும் இதே கதிதான். டெக்ட்ரோ, மகுரா மினரல் ஆயில். ஹோப் பிரேக்குகள் டாட். ஸ்ராம் பெரும்பாலும் டாட் 5.1 என்றாலும் டிபி8, மேவன் போன்ற மாடல்கள் மினரல் ஆயிலுக்கு மாறிவிட்டன. ஆகவே கம்பெனிப் பெயரை வைத்து முடிவு செய்யாமல், லீவர் மூடியில் பொறித்திருப்பதைப் படியுங்கள். தையல் மெஷின் எண்ணெய், பேபி ஆயில் என்று வாட்ஸப்பில் சுற்றும் யோசனைகளையும் மலை இறங்குகிறவர்கள் தொட வேண்டாம்.

உங்களுக்கு நேர்ந்தவை இரண்டு தனித்தனிக் கோளாறுகள். மலையில் நடந்தது சூட்டினால். நீங்களும் சைக்கிளும் சேர்ந்து 90 கிலோ என்று வைத்துக்கொள்வோம். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்குச் செங்குத்தாக ஏறக்குறைய 1,450 மீட்டர் இறக்கம். அவ்வளவு ஆற்றலும் வெப்பமானால் நாலு லிட்டருக்கு மேல் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோகலாம். ஒரு பங்கைக் காற்று வாங்கிக்கொள்ளும், மீதியைத் தாங்க வேண்டியவை விரித்த கை அகலமுள்ள இரண்டு டிஸ்க் தகடுகள். லேசாகப் பிடித்தபடியே வந்தால் தகடு ஆற நேரமே கிடைக்காது. சூடு பேட் வழியாக பிஸ்டனுக்கும் அங்கிருந்து ஆயிலுக்கும் ஏறும். நல்ல மினரல் ஆயில் அவ்வளவு எளிதில் கொதிக்காது. ஆனால் உள்ளே சிறு காற்றுக்குமிழி இருந்தால் விரியும். ஈரம் புகுந்திருந்தால், மினரல் ஆயிலோடு கலக்காத அந்தத் தண்ணீர் தாழ்ந்த இடமான காலிப்பரில் போய்த் தேங்கி, சூட்டில் ஆவியாகும். ஆவி அமுங்கும், எண்ணெய் அமுங்காது. லீவர் கைக்குள் வந்தது அதனால்தான். லீவர் கெட்டியாக இருந்தும் வண்டி நிற்கவில்லை என்றால் அது வேறு, பேட் வெந்து வழுக்குகிறது என்று பொருள்.

இரண்டாவது கோளாறு நீங்களே வரவழைத்தது. லீவரில் ஒரு சின்ன ஆயில் தொட்டி இருக்கிறது. அதற்கும் அழுத்தும் சிலிண்டருக்கும் நடுவே ஊசிமுனைத் துளை ஒன்று உண்டு. பேட் தேயத் தேய ஆயில் கீழே இறங்கும், தொட்டியின் மேல்பகுதியில் கொஞ்சம் காற்று சேர்ந்திருக்கலாம். நேராக நிற்கும்வரை அதனால் தொந்தரவில்லை. கவிழ்த்ததும் அந்தக் காற்று துளை வழியாகச் சிலிண்டருக்குள் ஏறிவிட்டது.

அதனால் ஒரு பைசா செலவில்லாத வைத்தியத்தை முதலில் பாருங்கள். முன்சக்கரம் உயர்ந்திருக்கும்படி சைக்கிளைச் சாய்த்து வையுங்கள். லீவரை ஹேண்டில்பாரோடு இறுக்கியிருக்கும் திருகைத் தளர்த்தித் தொட்டியின் மேல்பக்கம் மட்டமாகத் திருப்புங்கள். லீவரை முழுக்கப் பிடிக்காமல், விரல் நுனியால் சுண்டுவது போல இருபது முப்பது தடவை தட்டுங்கள். ஓஸையும் காலிப்பரிலிருந்து மேல்நோக்கித் தட்டிக்கொண்டே வாருங்கள். நுழைந்த காற்று தொட்டிக்கே திரும்பிவிட வாய்ப்புண்டு. அப்படியே கெட்டியானாலும், அடுத்த மலைப்பயணத்துக்கு முன் ஒரு தடவை ப்ளீட், அதாவது புது ஆயில் விட்டுக் காற்றை வெளியேற்றுவதை, செய்துவிடுங்கள்.

ப்ளீடிங் என்றாலே பலர் பயப்படுகிறார்கள். காற்று எப்போதும் மேலேதான் ஏறும், அதற்குத் தடையில்லாத வழி அமைத்துத் தருவதுதான் முழு வேலையும். சக்கரத்தையும் பேட்களையும் கழற்றி வேறு அறையில் வையுங்கள். மிகையாகச் சொல்லவில்லை. ஒருமுறை சோம்பேறித்தனத்தில் பேட்டை விட்டுவிட்டு வேலை பார்த்தேன். ஒரே ஒரு சொட்டுதான் விழுந்தது, அடுத்த நாள் முழுக்க யானை பிளிறுவது போலக் கத்திக்கொண்டு இறங்கினேன். எண்ணெய் குடித்த பேட்டை அடுப்பில் வாட்டி உயிர்ப்பிக்கலாம் என்பார்கள். நான் குப்பையில்தான் போடுவேன்.

பேட் இருந்த இடத்தில் பிஸ்டன்களுக்கு நடுவே மஞ்சள் ப்ளீட் பிளாக்கைச் செருகுங்கள். அது இல்லாமல் லீவரைப் பிடித்தால் பிஸ்டன் வெளியே வந்துவிடும். லீவர் தொட்டியின் சின்னத் திருகைக் கழற்றி அங்கே புனலைப் பொருத்தி, கொஞ்சம் ஆயில் விடுங்கள். காலிப்பரில் ஆயில் போக வர இருக்கும் முனையான நிப்பிளில் ஆயில் நிரப்பிய சிரிஞ்சைக் குழாயோடு மாட்டி, 7 மிமீ ஸ்பேனரால் அரைக்கால் சுற்று திறந்து, கீழிருந்து மேலாக மெதுவாக அழுத்துங்கள். புனலில் குமிழிகள் வருவதைப் பார்க்கலாம். அவை நிற்கும்வரை விடாதீர்கள், பழைய கறுப்பு ஆயிலும் சேர்ந்தே வரும். பிறகு நிப்பிளை மூடி லீவரைச் சுண்டுங்கள். தொட்டியை முப்பது டிகிரி முன்னும் பின்னும் சாய்த்துச் சாய்த்துச் சுண்டினால், மூலையில் ஒட்டிக்கிடப்பவையும் கிளம்பும். பொறுமை வேண்டிய இடம் இதுதான். பத்து நிமிடம் கொடுங்கள்.

புனலை எடுக்கும்போது தொட்டி விளிம்பு வரை நிரம்பியிருக்க வேண்டும். திருகை முடுக்கும்போது ஆயில் வழிந்தால் உள்ளே காற்று இல்லை என்று அர்த்தம். அந்தத் திருகுக்கு வேண்டிய முறுக்கு 0.3 முதல் 0.5 நியூட்டன் மீட்டர்தான். ஆலன் கீயை இரண்டு விரலால் பிடித்தாலே போதும், மோட்டார் சைக்கிள் பலத்தைக் காட்டினால் மரை போய்விடும். வழிந்ததை ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடையுங்கள். மண்ணெண்ணெய், செயின் ஸ்பிரே டிஸ்க் பக்கமே வரக்கூடாது.

கழற்றிய கையோடு பேட்டையும் பாருங்கள். உராயும் பகுதி 0.5 மிமீக்கு வந்திருந்தால் ஆயுள் முடிந்தது. பேட் மெலிந்தால் சூடும் சீக்கிரம் ஆயிலுக்கு ஏறும். மெட்டல் பேட் போடலாமே என்று தோன்றினால் முதலில் டிஸ்க்கைப் படியுங்கள். விலை குறைந்த டிஸ்க்குகளில் 'ரெசின் பேட் ஒன்லி' என்று பொறித்திருக்கும், அவற்றில் மெட்டல் பேட் போட்டால் தகட்டை அரைத்துவிடும். புது பேட் என்றால் சமதளத்தில் இருபது தடவையாவது வேகமெடுத்து, சக்கரம் பூட்டாமல் மெதுவாக்கிப் பழக்குங்கள்.

இறங்கும்போது கொண்டை ஊசி வளைவுக்கு முன்பே இரண்டு பிரேக்கையும் அழுத்தமாகப் பிடித்து வேகத்தைக் கொன்று, வளைவில் விட்டுவிடுங்கள். விட்ட அந்த நொடிகளில்தான் டிஸ்க் ஆறும். சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றாதீர்கள், நெளிந்துவிடும். பஞ்சர் ஒட்டச் சைக்கிளைப் படுக்க வையுங்கள், அல்லது மரக்கிளையில் மாட்டுங்கள். கவிழ்த்தே தீர வேண்டுமென்றால் நிமிர்த்தியதும் லீவரைச் சுண்டிச் சோதித்துவிட்டு ஏறுங்கள்.

ப்ளீட் செய்து ஒரு வாரத்திலேயே லீவர் மறுபடி பஞ்சானால் இன்னொரு தடவை ப்ளீட் செய்து நேரத்தை வீணாக்காதீர்கள். டிஷ்யூ காகிதத்தைக் காலிப்பர் அடியிலும், ஓஸ் சேரும் இரண்டு முனைகளிலும், லீவர் அடியிலும் சுற்றி, லீவரை ரப்பர் பேண்டால் இறுக்கி ஒரு இரவு விடுங்கள். காலையில் எந்த இடத்துக் காகிதம் நனைந்திருக்கிறதோ, அங்கேதான் ஆயில் கசிகிறது, கவனிக்க வேண்டிய பாகம் அதுதான்.