அந்தப் பெண் ஏன் சிரித்தாள்? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஹூஸ்டனில் வசிக்கிறேன். என் மகளின் பள்ளித் தோழி கொலம்பியக் குடும்பத்துப் பெண். எங்கள் வீட்டில் ‘மாடர்ன் ஃபேமிலி’ என்ற அமெரிக்க நகைச்சுவைத் தொடர் பார்த்தபோது, அதில் வரும் கொலம்பியப் பெண் குளோரியா பேசும் ஆங்கிலத்துக்கு விழுந்து விழுந்து சிரித்தாள். தங்களைத்தான் கேலி செய்கிறார்கள் என்பது அவளுக்கு உறைக்கவில்லையா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உறைக்காமல் என்ன? குளோரியாவாக நடித்த சோஃபியா வெர்காரா கொலம்பியாவின் பாரன்கியாவில் பிறந்தவர். அந்தப் பேச்சு வாடை அவருடைய சொந்தம். வீட்டில் அம்மாவிடம் அதையே கேட்டு வளரும் பெண்ணுக்குச் சிரிப்பு வரத்தான் செய்யும். அதையே வகுப்பில் ஒரு பையன் பேசிக் காட்டினால் அவள் முகம் சுண்டிப்போகும். குளோரியாவிடம் எனக்கு உறுத்துவது வேறு: கவர்ச்சி, மூக்கின் மேல் கோபம், வயதான பணக்காரக் கணவர். ஹாலிவுட் வெகுகாலமாக வைத்திருக்கும் அச்சு அது.

‘நார்கோஸ்’ தொடரில் கொலம்பியப் போதைமருந்துக் கடத்தல்காரன் பாப்லோ எஸ்கோபாராக நடித்த வாக்னர் மோரா பிரேசில்காரர். அந்த வேடத்துக்காகவே ஸ்பானிஷ் கற்றவர். அவர் பேச்சு கொலம்பியப் பேச்சாக இல்லை என்று கொலம்பியாவிலேயே குறைசொன்னார்கள். அமெரிக்கத் தொலைக்காட்சிக்கு லத்தீனோ, அதாவது லத்தீன் அமெரிக்க வழிவந்தவர், என்றால் எல்லாரும் ஒன்று. 2020 கணக்கெடுப்பில் அவர்கள் ஏறத்தாழ 6.2 கோடிப் பேர், அமெரிக்கர்களில் ஐந்தில் ஒருவருக்குச் சற்றுக் குறைவு. கியூபா, மெக்சிகோ, கொலம்பியா என்று பிள்ளைகள் பிரித்துப் பார்ப்பது திரையில் கலங்கிப்போகிறது.

இந்தக் குழப்பத்தைக் கதைக்குள்ளேயே வைத்தது ‘ஒன் டே அட் எ டைம்’ தொடர். லாஸ் ஏஞ்சலஸின் எக்கோ பார்க்கில் வாழும் கியூபக் குடும்பம். 2018-இல் வந்த இரண்டாம் சீசனின் முதல் அத்தியாயத்தில், “மெக்சிகோவுக்கே போ” என்ற பையனை மகன் அலெக்ஸ் அடித்துவிடுகிறான். போகச் சொன்ன நாடுகூடத் தப்பு! அக்கா எலெனாவோ தன்னிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லையே என்று யோசிக்கிறாள். அவள் நிறம் வெளுப்பு. பார்ப்பவர்கள் வெள்ளைக்காரப் பெண் என்றே எடுத்துக்கொள்கிறார்கள். ஒரே வீட்டில் தம்பிக்கு ஒரு அமெரிக்கா, அக்காவுக்கு வேறு அமெரிக்கா. ஸ்பானிஷ் சேனல்களுக்குப் போனாலும் இந்த நிறக் கணக்கு விடாது. டெலிநோவெலா என்னும் ஸ்பானிஷ் நெடுந்தொடர்களில் நாயகி பெரும்பாலும் வெளுத்த நிறம்தான்.

மூன்று சீசன்களோடு நெட்ஃபிளிக்ஸ் ‘ஒன் டே அட் எ டைம்’ தொடரை 2019-இல் கைவிட்டது. வேறொரு சேனலில் நான்காவது வந்து 2020-இல் முடிந்தது. பெண்கள் இருவரும் சேர்ந்து பார்க்க அதைத்தான் சொல்வேன். நீங்களும் கூட உட்காருங்கள். அவள் சிரிக்கும்போது மட்டும் காரணம் கேட்காதீர்கள்.